இறக்கத்தில் எதற்கு டீசல்

வனிதாவிடம் யாராவது "நம்பி வாங்குங்க" என்று சொல்லிவிட்டால் போதும், அந்தச் சாமானை அவள் கையால்கூடத் தொடமாட்டாள். நம்பச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கட்சி. ஏற்காட்டு மலையிலுள்ள செம்மநத்தத்தில் காடு காடாகப் போய் பட்டர் ஃப்ரூட்டும் சவ்சவ்வும் எடை போட்டு எடுத்து, சேலம் மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுகிற தொழில் அவளுக்கு. மூட்டையின் மேலே இருக்கிற காயைப் பார்த்து விலை பேசமாட்டாள். கையை அடிவரைக்கும் விட்டு ஒரு காயை உருவிப் பார்த்துவிட்டுத்தான் வாயையே திறப்பாள். "உனக்கு உன்ற நெழலு மேலயே சந்தேகம் புள்ள" என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே! நாலு வருசத்தில் ஒருத்தராவது அவளை ஏமாற்றியிருக்கிறார்களா?

அப்படிப்பட்டவள் இந்த ஆடியில் ஒரு பிக்கப் வண்டி வாங்கக் கிளம்பினாள். வாடகை வண்டிக்காரர்கள் சீசன் நேரத்தில் கையை விரித்துவிடுகிறார்கள், காய் பழுத்து வீணாகிறது, இனி சொந்த வண்டிதான் என்று முடிவு. கண் முன்னால் இரண்டு வண்டி நின்றன. ஒன்று மஞ்சக்குட்டை அங்கப்பனுடையது. பதினஞ்சு வருசத்துப் பழைய டீசல் வண்டி. பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் எஞ்சின் கல்லுக்குண்டு மாதிரி. "லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் குடுக்கும் அம்மிணி, மலைக்குன்னே செஞ்ச வண்டி" என்றார் அங்கப்பன். இன்னொன்று சேலத்து ஷோரூமில் மினுமினுவென்று நின்ற புதுசு. அங்கே விற்பனை பார்க்கிற பிரபாகர், "பதினேழு கேரண்டிங்க மேடம்" என்று கம்ப்யூட்டரில் அச்சடித்த காகிதத்தை நீட்டினான். அச்சடித்த காகிதம் என்றால் வனிதாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகம்.

வண்டிக்கு விலை ஒரு தடவை, டீசல் தினம் தினம். மலையேறி இறங்குகிற வண்டியில் எது கம்மியாகக் குடிக்கிறதோ அதைத்தான் எடுப்பது என்று தீர்மானித்தாள். "ரெண்டு பேரும் வண்டியக் குடுங்க. டேங்க்கை வாய் வரைக்கும் ரொப்பி, ஓட்டி, திரும்ப ரொப்பிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். இரண்டு பேரும் சம்மதித்தார்கள். ஆனால் ஓட்டப் போவது அவள் புருசன் யுவராஜ். சிக்கலே அங்கேதான்.

ஆறு வருசத்துக்கு முன்னால் யுவராஜ் எஸ்டேட்டில் டிரைவராக இருந்தான். தினமும் சேலத்துக்கு ஒரு நடை. எஸ்டேட்டின் கணக்குப் பார்க்கிற ரைட்டர் ரொனால்ட் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டார். "இதே ரோடு, இதே மாதிரி வண்டி, மத்த மூணு டிரைவருக்கும் ஒரே அளவு டீசல் ஆவுது. உனக்கு மட்டும் மாசம் பன்னெண்டு லிட்டர் எச்சாப் போவுது. எங்கய்யா போவுது?" என்றார். "இறக்கத்துல போவுதுங்க" என்றான் யுவராஜ். ஆபீஸே கொல்லென்று சிரித்தது. "இறக்கத்துல வண்டி தானா உருளுது. இறக்கத்துல எதுக்குய்யா டீசலு?" என்றார் ரொனால்ட். போலீசுக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தது.

வனிதா பதறிப்போய் ஓடினாள். பொண்ணு அப்போது ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "எடுத்தேன்னு ஒத்துக்கங்க. வேலைதான் போவும், ஜெயிலுக்குப் போவ வேண்டாம். புள்ளைய நெனச்சுப் பாருங்க" என்று புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு எல்லார் முன்னாலும் "எடுத்தேனுங்க" என்றான். வேலை போயிற்று. அதன் பிறகு மலையில் யாரும் அவனை நம்பி ஸ்டீரிங்கைக் கொடுக்கவில்லை. மிளகு பறிக்கவும் காபிக்குக் கவாத்து வெட்டவும்தான் போனான். இதில் கொடுமை என்னவென்றால், ஒத்துக்கச் சொன்னது தான்தான் என்பது வனிதாவுக்கு நாள்பட நாள்பட மறந்துபோயிற்று. அவன் ஒத்துக்கொண்டது மட்டும் பசுமரத்தாணியாய் நின்றது. தேனெடுக்கிறவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஆகவே இப்போதும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "இந்தாங்க, டீசல் கணக்கு நேரா இருந்தா வண்டிய நீங்களே ஓட்டுங்க. ஒரு லிட்டர் இடிச்சாலும் என்ற சித்தப்பன் மவன் லோகேஷைப் போட்டுருவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." யுவராஜ் சரியென்று தலையை ஆட்டினான். ஆறு வருசத்துக்கு அப்புறம் அவன் மறுபடி டிரைவர் ஆவதும் ஆகாததும் அந்த டேங்க்குக்குள் இருந்தது.

முதலில் பழைய வண்டி. மூன்று நாள், மூன்று நடை, யுவராஜ் மட்டும் போய் வந்தான். வனிதா காடுகளில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். மூணாம் நாள் பங்க்கில் பக்கத்திலேயே நின்று ரொப்பிப் பார்த்தால், லிட்டருக்குப் பதினாறு! வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். வனிதா கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். அங்கப்பன் சொன்னதே பதினஞ்சு. விற்கிறவன் சொன்னதைவிட எச்சாகக் கொடுக்கிற வண்டி இந்த உலகத்தில் உண்டா?

அடுத்து புது வண்டியையும் ரெண்டு நாள் யுவராஜ் மட்டும் ஓட்டிப் பார்த்தான். பதினேழு என்று காகிதம் அடித்துக் கொடுத்த வண்டி பதினாலுதான் கொடுத்தது. வனிதா பிரபாகருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணன் இறக்கத்துல நியூட்ரல்ல உடுறாருங்களா மேடம்? கியர்லயே எறக்கச் சொல்லுங்க. காலை எடுத்தா இந்த வண்டி தானா டீசலை நிறுத்திக்கும், ஒரு சொட்டுப் போவாது" என்றான். நல்லா அளக்கிறானே, எஞ்சின் ஓடுமாம், டீசல் போகாதாம்! அடுப்பு எரியுமாம், விறகு வேண்டாமாம்! போனை வைத்தவள் நேராக ஊட்டுக்குப் பின்னால் போய், விறகுக் குவியலைப் புரட்டி, தண்ணி டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஏதாவது டீசல் கேன் ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. திருடுகிறவன் ஊட்டிலேயா வைப்பான் என்று அதற்கும் ஒரு பதில் அவளிடம் இருந்தது.

மூன்றாவது சோதனையாகப் பழைய வண்டியில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு ஒரு நடை முழுக்க அவன் பக்கத்திலேயே இருந்தாள்; மார்க்கெட்டில் அவன் ஒண்ணுக்குப் போனபோதுகூட வண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யுவராஜ் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை ரெண்டாவது கியரில் உர்ரென்று இறக்கினான். சாயங்காலம் ரொப்பிப் பார்த்தால், பதினாலு.

இப்போது கணக்கு விளங்கிவிட்டது. அவள் கண் இல்லாதபோது பதினாறு, கண் இருந்தால் பதினாலு. அவள் இல்லாதபோது எவனோ வழியில் நின்று டேங்க்கில் டீசல் ஊற்றுகிறான்! பழைய வண்டியைத் தன் தலையில் கட்ட அங்கப்பனும் யுவராஜும் சேர்ந்து போட்ட திட்டம். போன வாரம் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடித்ததை அவள் கண்ணால் பார்த்தாளே; சும்மாவா குடித்திருப்பார்கள்? கமிஷன் பேசியிருப்பார்கள். பழைய வண்டியில் ஊற்றுவது, புது வண்டியில் உறிஞ்சுவது. அடப்பாவி மனுசா, பொண்டாட்டிகிட்டயேவா? அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது, வண்டி வந்து இவர் பேர் மறுபடி நிமிரும் என்று மனசுக்குள் எங்கேயோ அவளும் ஆசைப்பட்டிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தாள். மறுநாள், "நான் மஞ்சக்குட்டைக்குக் காடு பாக்கப் போறேன், நீங்க லோடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பொய் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து ஏற்காடு வந்து, சேலம் பஸ் ஏறி, பாதி மலையில் பன்னெண்டாவது வளைவில் இறங்கிக்கொண்டாள். "இங்க கொரங்கத் தவிர ஒண்ணும் இல்லீங்களே அக்கா" என்றான் கண்டக்டர். "அதைத்தான் பாக்க வந்தேன்" என்றாள்.

தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். வீடியோ எடுக்கப் போன் கையில் தயார். மேலே ரெண்டு வளைவும் கீழே ரெண்டு வளைவும் அங்கிருந்து தெரியும். எவன் கேனோடு வந்து நின்றாலும் தப்ப முடியாது. ஒரு மணி நேரம் போயிற்று. கேன்காரன் எவனும் வரவில்லை. வருகிற ஒவ்வொரு பைக்கையும் முறைத்துப் பார்த்துப் பார்த்து அவள் கண்தான் பூத்துப்போனது.

அப்போது மேல் வளைவில் அங்கப்பனின் வண்டி தெரிந்தது. முதுகு நிறைய பட்டர் ஃப்ரூட் லோடு. ஆனால் சத்தம் இல்லை. அந்த வண்டி ஒரு பர்லாங் தள்ளி வரும்போதே கடகடவென்று கேட்குமே? டயர் தார் ரோட்டில் உரசுகிற சத்தமும், பாடி கிறீச்சிடுகிற சத்தமும் மட்டும்தான் வந்தன. எஞ்சின் நின்றுபோயிருந்தது. பிரேக் டவுன் ஆகிவிட்டதோ என்று எழுந்து நின்றாள்.

பிரேக் டவுன் ஆன வண்டி இந்த வேகத்தில் வருமா? வளைவுக்குள் வண்டி நுழையும்போது அவனைப் பார்த்தாள். யுவராஜ் சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. முதுகை சீட்டில் முட்டுக் கொடுத்து, எழும்பி, உடம்பின் மொத்தக் கனத்தையும் பிரேக்கின் மேல் வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. ஹாரன் அலறியது. யுவராஜ் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டி ஒடித்தான். வண்டி சுவரை ஒட்டி, பஸ்ஸுக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளியில், வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. சக்கரத்திலிருந்து கருகின நாற்றம் வந்தது. போன் எப்போது கீழே விழுந்தது என்றே வனிதாவுக்குத் தெரியாது.

பின்னால் வந்த ஒரு ஜீப்பை மறித்து ஏறி, அடிவாரம் வந்து சேர்ந்தாள். வண்டி ஓரமாக நின்றது. யுவராஜ் பாட்டிலில் தண்ணியைக் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றினான். ஆவி புஸ்ஸென்று எழுந்தது.

"ஏனுங்க, என்னங்க இது?" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவளையும் ஜீப்பையும் பார்த்தான். எதற்கு வந்திருக்கிறாள் என்பது அவனுக்கு ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. "பதினாறு எப்படி வருதுன்னு பாக்க வந்தியா? இப்படித்தான் வருது" என்றான். "மேல சாவியத் திருப்பி எஞ்சினை அமத்திட்டா, இருபது வளைவும் டீசலே இல்லாம எறங்கிறலாம்."

"பிரேக்கு?"

"எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்குத் தெம்பு. இல்லீன்னா காலுதான்." பாட்டிலை மூடினான். "எஸ்டேட்டுல அந்த மூணு பேரும் இப்படித்தான் எறங்குவாங்க. அதுல ஒருத்தன் அடுத்த வருசமே சுவத்த ஒடச்சுக்கிட்டுப் போயி, இப்ப ரெண்டு காலும் இல்லாம ஊட்டுல கெடக்கறான். பிரேக் ஃபெயிலுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. நான் அமத்த மாட்டேன்னேன். அதுக்குத்தான் மாசம் பன்னெண்டு லிட்டரு. அன்னிக்குச் சொன்னேன், இறக்கத்துல போவுதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

எல்லாரும் என்றால் யார் யார்? நாமும் சிரித்தோமா என்று வனிதா யோசித்தாள். சிரிக்கவில்லை. சிரிக்காமல், எடுத்தேன்னு ஒத்துக்கங்க என்று சொன்னாள். ஆறு வருசமாக மறந்திருந்தது இப்போது மொத்தமாக வந்து நெஞ்சில் இறங்கியது. இவர் எடுக்கவே இல்லை. எடுக்காத மனுசனை எடுத்தேன் என்று சொல்ல வைத்தது எவனும் இல்லை, அவள்தான்.

"அப்ப நேத்து நான் கூட வரயில எதுக்குக் கியர்ல எறக்குனீங்க? கணக்கு இடிக்கும்னு தெரியாதா?"

"தெரியும். அதுக்காக, உன்னய பக்கத்துல வெச்சுக்கிட்டு அமத்துவனா?" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

லோடு அழுகக்கூடாதே, மார்க்கெட்டுக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். வழியில் புது வண்டியைப் பற்றியும் அவனே சொன்னான். ஒரு வளைவில் அதை அமத்திப் பார்த்தானாம், பிரேக் கல்லாகிவிட்டதாம், பயந்துபோய் நியூட்ரலில் விட்டானாம். நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடிக் குடித்ததால்தான் பதினாலு. "கியர்ல எறங்குனா திருட்டுப் பட்டம் வருதுன்னு மண்டையில ஏறிப்போச்சு. அந்த ஷோரூம் பையன் போன்ல உன்கிட்ட சொன்னது நெசம்தான். கடைசி நாலு வளைவு கியர்ல உட்டுப் பாத்தேன், டீசல் போவலைன்னு மீட்டர்லயே காட்டுது. ஒழுங்கா எறக்கினா பதினாறு தாண்டும். பழசு ஒழுங்கா எறக்கினா பதினாலுதான். புதுசையே எடுத்துக்க."

"எடுத்துக்கலாமுங்க. நாளைக்கே போலாம்."

"நீ போ. டிரைவரா லோகேஷைப் போட்டுக்க."

வனிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குங்க? இப்பத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே!"

"இன்னிக்குத் தெரிஞ்சுது. நாளைக்கு ஏ.சி. போட்டாலும், டயர்ல காத்து எறங்கினாலும் அரை லிட்டர் எச்சாப் போவும். மறுபடி மரத்தடியில வந்து உக்காருவ. என்னால ஆவாது வனிதா. மலை முழுக்க என்னயத் திருடன்னு சொல்லுது. அதுல வண்டி மட்டும் எனக்கு எதுக்கு?"

இனிமேல் சந்தேகப்பட மாட்டேன் என்று சொல்லலாம்தான். சொன்னால் அவளே நம்பமாட்டாள். தன் குணம் தனக்குத் தெரியாதா? இருபது வளைவும் ஏறி ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வந்ததும், "நிறுத்துங்க" என்றாள்.

டீக்கடையில் ரைட்டர் ரொனால்ட் உட்கார்ந்திருந்தார். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் அங்கேதான். சுற்றி எஸ்டேட் ஆட்களும் ஜீப் டிரைவர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர். வனிதா இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"ரைட்டரே, என்ற ஊட்டுக்காரரு டீசல் எடுக்கலீங்க. எடுத்தேன்னு சொல்லச் சொன்னது நானு. போலீசுக்குப் பயந்துக்கிட்டு நான்தான் பொய் சொல்ல வெச்சேன். தப்பு என்மேல."

ரொனால்ட் டம்ளரைக் கீழே வைத்தார். "அதான் ஆறு வருசம் ஆச்சே வனிதா, இப்ப எதுக்கும்மா? அப்பறம் அந்தப் பன்னெண்டு லிட்டரு எங்க போச்சாம்?"

"இறக்கத்துல போச்சுங்க. மத்தவங்க எஞ்சினை அமத்திட்டு எறங்குனாங்க. இவரு அமத்தலை."

"எறங்குற வண்டிக்கு எஞ்சின் எதுக்கும்மா? எல்லா டிரைவரும் பண்றதுதானே. அதுல ஒண்ணும் ஆவாது" என்றார் ரொனால்ட்.

"ஒண்ணும் ஆவாதுங்களா?" வனிதா திரும்பிப்போய் வண்டியின் இடதுபக்கக் கதவை விரியத் திறந்து வைத்தாள். "அப்ப ஏறுங்க. எஞ்சினை அமத்திட்டு உங்களை அடிவாரம் வரைக்கும் எறக்கிக் காட்டுவாரு. பஸ்ஸுக்கு நான் காசு குடுக்கறேன், திரும்பி வந்துருங்க. ஏறுங்க ரைட்டரே!"

யுவராஜ் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். ஜீப் டிரைவர்களில் ரெண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களுக்குத் தெரியும். ரொனால்ட் எழுந்தார், கதவு வரைக்கும் வந்தார், உள்ளே தேய்ந்து வழவழத்துக் கிடந்த பிரேக் பெடலைப் பார்த்தார். கால் எழவில்லை.

"எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது வனிதா" என்றார் தாழ்ந்த குரலில்.

"இவருக்கும் நாங்க இருந்தோமுங்க" என்றாள் அவள்.

ரொனால்ட் யுவராஜின் பக்கம் சுற்றிப் போய், ஜன்னலில் கையை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு பண்ணிட்டேன்யா" என்றார். யுவராஜ் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வனிதா இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். யுவராஜ் எஞ்சினைக் கிளப்பினான். கடகடவென்ற சத்தத்தில் டீக்கடைப் பெஞ்சு அதிர்ந்தது. செம்மநத்தம் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நாளைக்கு ஷோரூம் எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டான்.